கோளத்துக்கு எந்த பெஸ்ட்-ஃபிட்? நாலு முறையும் ஒரே விட்டம் சொல்லுது, ரிங் கேஜ் இறங்க மாட்டேங்குது

பந்துவால்வு கேட்டது:

வணக்கம். சிஎம்எம்-ல (ப்ரோபால் தொட்டுப் புள்ளி எடுத்து அளக்கிற மெஷின்) கை பழகினவங்க யாராவது பார்த்துச் சொல்லுங்க.

பார்ட் ஒரு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வால்வு பந்து. கோள விட்டம் 30, நடுவுல 20 மில்லி துளை நேரா ஊடுருவிப் போகுது. டிராயிங்கில் விட்டம் 29.980 முதல் 29.995 வரை. துளை இருக்கிறதால ரெண்டு துருவமும் கிடையாது, நடுப்பட்டையை மட்டும்தான் தொட முடியும்.

டச் ட்ரிகர் ப்ரோப் வச்சு நடுக்கோட்டில் 4 புள்ளி, மேலே 35 டிகிரியில் 4, கீழே 35 டிகிரியில் 4, ஆக 12 புள்ளி எடுத்தேன். மூணு வரிசையும் 0, 90, 180, 270 டிகிரியில்தான். சாஃப்ட்வேர்ல ஒவ்வொரு ஃபிட்டா (புள்ளிகளுக்குக் கோளம் பொருத்துற கணக்கு; லீஸ்ட் ஸ்கொயர்னா எல்லாப் புள்ளிக்கும் சராசரியா) மாத்திப் பார்த்தது:

லீஸ்ட் ஸ்கொயர் – 29.990
மினிமம் சர்க்கம்ஸ்கிரைப்ட் (எல்லாப் புள்ளியையும் அடக்குற மிகச் சிறிய கோளம்) – 29.991
மேக்ஸிமம் இன்ஸ்கிரைப்ட் (புள்ளிகளுக்கு உள்ளே அடங்குற மிகப் பெரிய கோளம்) – 29.989
மினிமம் ஸோன் (எல்லாப் புள்ளியையும் இடையில் அடக்குற, ஒரே மையமுள்ள ரெண்டு கோளத்துக்கு நடுவுல மிகக் குறைந்த இடைவெளி) – வடிவப் பிழை 0.001 (லீஸ்ட் ஸ்கொயர்லயும் அதேதான்)

மைக்ரோமீட்டர் வச்சுச் சுத்திச் சுத்திப் பிடிச்சாலும் 29.990, எங்கேயாவது 29.991. எல்லாமே ஒத்துப்போகுது.

ஆனா 29.995 ரிங் கேஜ் (அந்த உள்விட்டமுள்ள சோதனை வளையம்) இறங்கலை. துளை அச்சு ரிங் அச்சோட சேர்ந்து நிக்கிற மாதிரி விட்டா, நடுக்கோட்டை நெருங்குறப்போ பிடிச்சுக்குது. அதே பந்தைக் குறுக்கா திருப்பி விட்டா தடையில்லாம இறங்குது. கேஜ் காலிபரேஷன் சரியா இருக்கு, வேற பந்துகள் போட்டும் பார்த்தாச்சு.

வடிவப் பிழை 1 மைக்ரான்னு வர்ற பந்து, 5 மைக்ரான் இடைவெளி இருக்கிற ரிங்ல எப்படிப் பிடிக்கும்? வாடிக்கையாளருக்கு ரிப்போர்ட் போகணும். இந்த நாலுல எந்த ஃபிட்டைத் தேர்ந்தெடுக்கிறது?

---

மேசைக்கல் பதில்:

12 புள்ளி பத்தாது நண்பரே. ஐஎஸ்ஓ 10360-5-ல கோளத்துக்கு 25 புள்ளின்னு இருக்கு. அந்த 25-ஐ எடுத்து லீஸ்ட் ஸ்கொயர் போடுங்க. அதுதான் தரநிலை சொல்ற முறை, வேற எதுவும் யோசிக்க வேண்டாம்.

---

ரூபிமுனை பதில்:

தம்பி, கேள்வியை அழகா எழுதியிருக்கீங்க. விடைக்குத் தேவையானது முக்கால்வாசி உங்க கேள்விக்குள்ளேயே இருக்கு.

முதல்ல மேசைக்கல் சொன்னதுக்கு ஒரு வார்த்தை. அந்த 25 புள்ளி உங்க பார்ட்டுக்கு எழுதினது இல்ல, மெஷினோட ப்ரோபிங்கைச் சோதிக்க எழுதினது. கிட்டத்தட்ட குறையே இல்லாத சோதனைக் கோளத்தின் அரைப்பகுதியில் துருவத்தில் 1, அதுக்குக் கீழே 22.5 டிகிரிக்கு ஒரு வரிசையா 4, 8, 4, 8 என்று தொட்டு, லீஸ்ட் ஸ்கொயர் மையத்திலிருந்து ஆர வித்தியாசம் எவ்வளவுன்னு பார்ப்பாங்க. அங்க கோளம் நல்லதுன்னு தெரியும், மெஷின்தான் சந்தேகத்துக்குரியது. உங்க விஷயத்தில் நிலைமை தலைகீழ். தவிர, உங்க பந்துக்குத் துருவமே இல்லையே.

இப்போ உங்க எண்களுக்கு வருவோம். நாலு ஃபிட்டும் 2 மைக்ரானுக்குள்ள ஒண்ணா வந்தா ரெண்டு காரணம்தான் இருக்க முடியும். பந்து உண்மையிலேயே கோளமா இருக்கணும். இல்லைன்னா, கோளத்திலிருந்து விலகின வடிவம் உங்க புள்ளிகள்ல ஏறவே இல்லைன்னு அர்த்தம். ரிங் கேஜ் முதல் காரணத்தை மறுக்குது. ஆக ரெண்டாவதுதான்.

என் கணிப்பு: உங்க பந்து துளை அச்சைச் சுத்தி மூணு லோபா (மூணு மேடு, இடையிடையே மூணு பள்ளம்) இருக்கு. லோபுக்கு மேடும் பள்ளமும் 4 மைக்ரான் சுமார். ஏன்னு சொல்றேன்.

மூணு லோப் வடிவத்துக்கு ஒரு குணம் உண்டு. ஒரு பக்கம் மேடு இருந்தா நேர் எதிர்ப்பக்கம் அதே அளவு பள்ளம் இருக்கும். மைக்ரோமீட்டர் ரெண்டு பக்கத்தையும் சேர்த்துப் பிடிக்கிறதால மேடும் பள்ளமும் கழிஞ்சு எந்தத் திசையிலும் ஒரே விட்டம் காட்டும். அஞ்சு லோப், ஏழு லோப் எல்லாத்துக்கும் இதே கதை. அதனாலதான் உங்களுக்கு எங்கே பிடிச்சாலும் 29.990. ஆனா ரிங் மூணு மேட்டையும் ஒரே நேரத்துல சுத்திக்கிட்டாகணும். மேடு 4 மைக்ரான்னா அந்தச் சுற்று விட்டம் 29.998. 29.995 ரிங் நிக்கத்தானே செய்யும். குறுக்கா விடும்போது ரிங் பார்க்கிறது துளை அச்சு வழியா வெட்டின குறுக்குவெட்டை. அந்த வெட்டில் ஒரு பக்கம் மேடு, மறுபக்கம் பள்ளம், அகலம் 29.990-தான். அதனால இறங்கிடுது. ஒரு திசையில் பிடிச்சு மறு திசையில் இறங்குதுன்னு நீங்க கவனிச்சு எழுதினீங்க பாருங்க, அந்த ஒரு வரியை வச்சுத்தான் இவ்வளவும் சொல்றேன்.

சரி, சிஎம்எம் ஏன் பார்க்கலை? மூணு லோபை 90 டிகிரிக்கு ஒரு புள்ளியா நாலு இடத்தில் தொட்டுப் பாருங்க. 0-ல மேடுன்னு வச்சுக்கிட்டா +4 வரும், 90-ல பூஜ்யம், 180-ல −4, 270-ல பூஜ்யம். இந்த நாலு எண்ணையும் பார்க்கிற சாஃப்ட்வேர் என்ன நினைக்கும்? "நல்ல வட்டம், மையம் மட்டும் 0 பக்கமா 4 மைக்ரான் தள்ளி இருக்கு" என்றுதான். மையத்தை நகர்த்திட்டா மிச்சம் ஒண்ணுமே இல்ல. லோப் எந்தக் கோணத்தில் தொடங்கினாலும் இதேதான் நடக்கும். 35 டிகிரி வரிசைகளும் அதே நாலு திசையில் இருக்கிறதால அவையும் கிட்டத்தட்ட அதே மைய நகர்வைத்தான் சொல்லும். மிஞ்சுறது ஒரு மைக்ரான். அதைத்தான் வடிவப் பிழைன்னு பார்த்தீங்க. சர்க்கம்ஸ்கிரைப்ட் போட்டாலும் மினிமம் ஸோன் போட்டாலும் அதே 12 புள்ளிகளுக்குத்தானே போடுறீங்க? புள்ளியில் இல்லாத மேட்டை எந்தக் கணக்கும் கண்டுபிடிக்காது.

நம்ப வேண்டாம், சோதிச்சுப் பாருங்க. புது ஏற்பாடு எதுவும் வேண்டாம். துளையை டேட்டமா (அளக்கிறதுக்கு அடிப்படையா) வச்சு, இப்போ வர்ற கோள மையத்தின் எக்ஸ், ஒய்யைக் குறிச்சுக்கோங்க. அதே ப்ரோகிராமைத் தொடக்கக் கோணம் 45 டிகிரி தள்ளி ஓட்டுங்க, அதாவது 45, 135, 225, 315. மூணு லோப் இருந்தா கோள மையம் +4-லிருந்து −4-க்கு, சுமார் 8 மைக்ரான் எதிர்ப்பக்கம் தாவும். பார்ட்டைத் தொடாமலே மையம் இடம் மாறினா, அது பார்ட்டோட மையம் இல்லைன்னு உங்களுக்கே விளங்கிடும்.

அப்புறம் முழுசா அளங்க. நடுக்கோட்டில் 37 புள்ளி, மேலேயும் கீழேயும் 20, 35 டிகிரியில் அதே மாதிரி, வரிசைக்கு வரிசை தொடக்கக் கோணத்தைக் கொஞ்சம் தள்ளி. ஏன் 37, ஏன் 36 இல்லைன்னா, 36 மூணால வகுபடும். மூணு லோபையும் அச்சு அசலா ஒரே இடங்கள்லதான் தொடும். 37 புள்ளியில் ஒவ்வொண்ணும் லோபோட வேற வேற இடத்தைத் தொடும், மேட்டின் உச்சி தப்பிக்க வாய்ப்பு குறையும். ஸ்கேனிங் ப்ரோப் கிடைச்சா இந்தக் கவலையே இல்ல.

அந்தப் புள்ளிகளுக்கு நாலு ஃபிட்டும் போட்டு எண்களை இங்கே எழுதுங்க. எதைத் தேர்ந்தெடுக்கிறதுன்னு அப்போ பேசினால்தான் அர்த்தம் இருக்கும்.

---

டெர்னர் பதில்:

நான் அளக்கிற ஆள் இல்ல, உருவாக்குற பக்கம். ரூபிமுனை அண்ணன் சொன்னதுக்கு மெஷின் பக்கத்திலிருந்து ஒண்ணு சேர்க்கிறேன்.

30 பந்துல 20 துளைன்னா நடுக்கோட்டில் சுவர் 5 மில்லிதான், விளிம்புல அதைவிட மெலிசு. அதைத் துளைக்குள்ள விரியும் மூணு ஜா (பிடிப்புத் தாடை) வச்சுப் பிடிச்சு வெளிப்பக்கம் கடைஞ்சிருப்பாங்க. ஜா தள்ளுற மூணு இடமும் வெளியே பிதுங்கி இருக்கும்போது டூல் அதை வட்டமா சீவிடும். ஜாவைத் தளர்த்தினதும் அந்த மூணு இடமும் உள்ளே போய்ப் பள்ளமாயிடும். மெஷின் மேல இருக்கிறப்போ டயல் வச்சுப் பார்த்தா சுத்தமா இருக்கும், கழட்டினா மூணு லோப். துளைக்குள்ள ஜா தழும்பு தெரியும், டார்ச் அடிச்சுப் பாருங்க. பள்ளம் மூணும் தழும்புக்கு நேரா வந்தா காரணம் உறுதி.

---

அளவுகோல் பதில்:

எல்லாம் சரி. ஆனால் பார்ட்டின் மீது பழி போடுவதற்கு முன்னால் ஒரு சோதனை கட்டாயம் தேவை. சாதாரண டச் ட்ரிகர் ப்ரோபின் உள்ளே ஸ்டைலஸ் (பார்ட்டைத் தொடும் ஊசி) மூன்று தாங்கிகளில் உட்கார்ந்திருக்கிறது. எந்தத் திசையில் தொடுகிறோம் என்பதைப் பொறுத்து ட்ரிகர் ஆவதற்கு முன் அது நகரும் தூரம் மாறும். அந்த மாற்றமும் மூன்று லோப் வடிவில்தான் இருக்கும். நீளமான ஸ்டைலஸ் போட்டால் அது இன்னும் பெரிதாகும். 37 புள்ளி எடுத்து மூன்று லோப் பார்த்தால், அது பந்துடையதா ப்ரோபுடையதா என்று அந்த ஓர் அளவீட்டை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

பந்தைத் துளை அச்சைச் சுற்றி 60 டிகிரி திருப்பி வைத்து, ப்ரோப் பாதையை மாற்றாமல் மறுபடி அளவிடுங்கள். லோப் பந்துடையது என்றால் மேடிருந்த கோணத்தில் இப்போது பள்ளம் வரும். ப்ரோபுடையது என்றால் எதுவும் மாறாது. இரண்டும் கலந்திருந்தால், இரு அளவீடுகளையும் கூட்டிப் பாதியாக்கினால் ப்ரோபின் பங்கு, கழித்துப் பாதியாக்கினால் பந்தின் பங்கு.

பந்து மெஷின் அறையின் வெப்பநிலைக்கு வந்த பிறகு தொடங்குங்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மீட்டருக்கு ஒரு டிகிரிக்குச் சுமார் 16 மைக்ரான் விரியும். கழுவி எடுத்த சூட்டில் 10 டிகிரி கூடுதலாக இருந்தாலே 30 மில்லிக்கு 5 மைக்ரான் போய்விடும். உங்கள் டாலரன்ஸே மொத்தம் 15 மைக்ரான்தான்.

---

பந்துவால்வு பதில்:

எல்லாருக்கும் நன்றி. சொன்ன வரிசைப்படியே செஞ்சேன்.

45 டிகிரி தள்ளி 12 புள்ளி எடுத்ததும் மையம் அப்படியே எதிர்ப்பக்கம் போயிடுச்சு. அந்தத் தாவலைப் பார்த்ததுமே முக்கால்வாசி புரிஞ்சது.

அஞ்சு வரிசை, வரிசைக்கு 37 புள்ளி எடுத்தப்போ:

லீஸ்ட் ஸ்கொயர் – 29.990, வடிவப் பிழை 0.0083
மினிமம் சர்க்கம்ஸ்கிரைப்ட் – 29.998
மேக்ஸிமம் இன்ஸ்கிரைப்ட் – 29.982
மினிமம் ஸோன் – 0.0080

60 டிகிரி திருப்பினேன், மேடு பள்ளம் இடம் மாறிடுச்சு. ப்ரோபோட பங்கு ஒரு மைக்ரானுக்கும் கீழேதான். டெர்னர் அண்ணன் சொன்ன தழும்பும் இருக்கு, பள்ளம் மூணும் அதுக்கு நேரேதான் இருக்கு.

இப்போ முதல்ல கேட்ட கேள்வி நிஜமாவே கேள்வியாகுது. லீஸ்ட் ஸ்கொயர்னா பாஸ், சர்க்கம்ஸ்கிரைப்ட்னா ஃபெயில். ரிப்போர்ட்ல எதைப் போடுறது?

கூடவே இன்னொண்ணு. இந்தப் பந்து உட்கார்ற கப்பும் எங்க கிட்டதான். குழிவான பரப்பு, கோள ஆரம் 15, டாலரன்ஸ் கூட்டிக் கழிச்சு 0.010. அச்சிலிருந்து 30 டிகிரி வரைக்கும்தான் பரப்பு இருக்கு. ஆரம் ஒரு தடவை 14.985, அடுத்த தடவை 15.017. வடிவப் பிழை 3 மைக்ரான்தான். லீஸ்ட் ஸ்கொயர் ஆடுதேன்னு மத்த ஃபிட்டுக்குப் போனேன். இன்ஸ்கிரைப்ட் பிழைச்செய்தி காட்டி நின்னுடுது. சர்க்கம்ஸ்கிரைப்ட் போட்டா விட்டம் 15 சொச்சம்னு வருது, 30 வரணும். ஆரத்தைத்தான் விட்டம்னு காட்டுதோ?

---

ரூபிமுனை பதில்:

நல்ல வேலை தம்பி. ரெண்டையும் தனித்தனியா எடுத்துக்குவோம்.

பந்து. எந்த ஃபிட் என்பதை டிராயிங்தான் சொல்லணும், நானோ சாஃப்ட்வேரோ இல்ல. டைட்டில் பிளாக்கைப் பாருங்க. ஐஎஸ்ஓ டிராயிங்னா, அளவுக்குப் பக்கத்துல எதுவும் எழுதாத வரைக்கும் அர்த்தம் இரு-புள்ளி அளவு, அதாவது உங்க மைக்ரோமீட்டர் சொல்றது. ஐஎஸ்ஓ 8015-ன்படி அளவும் வடிவமும் தனித்தனி. வடிவத்துக்குன்னு வேற டாலரன்ஸ் தரலைன்னா, இந்தப் பந்து டிராயிங்படி பாஸ்தான். இதைக் கேட்டா அசெம்பிளிக்காரங்க கோவிச்சுக்குவாங்க, ஆனா அந்தக் குறை டிராயிங்ல இருக்கு, உங்க ரிப்போர்ட்ல இல்ல. அளவுக்குப் பக்கத்துல வட்டத்துக்குள்ள "ஈ" (ஆங்கில E) போட்டிருந்தா, இல்ல ஏஎஸ்எம்இ ஒய்14.5 டிராயிங்கா இருந்தா, கதை வேற. அங்கே பந்து முழுசும் 29.995 விட்டமுள்ள குறையில்லாத கோளத்துக்குள்ள அடங்கியாகணும். உங்க பந்து அடங்கலை. ஃபெயில்.

அந்த "ஈ" இருக்கும்போது பல பேர் தடுமாறுற இடம் ஒண்ணு இருக்கு. ஒரே ஃபிட்டை ரெண்டு எல்லைக்கும் போடக் கூடாது. மேல் எல்லைக்கு மினிமம் சர்க்கம்ஸ்கிரைப்ட், கீழ் எல்லைக்கு இரு-புள்ளி. 1905-ல வில்லியம் டெய்லர் கேஜுக்குச் சொன்ன கொள்கை இதுவேதான்: கோ கேஜ் முழு வடிவத்தையும் ஒரே வீச்சில் பார்க்கணும், நோ-கோ ஒவ்வொரு இடத்தையும் தனியா பார்க்கணும். உங்க ரிங் முதல் பாதியைத்தான் செஞ்சது. அது சரியாவே சொல்லியிருக்கு.

ஐஎஸ்ஓ 14405-1-ல இதை அளவுக்குப் பக்கத்துலயே எழுதுறதுக்குக் குறியீடு இருக்கு. ஜிஜி-ன்னா லீஸ்ட் ஸ்கொயர், ஜிஎன்-ன்னா சுற்றிய சிறியது, ஜிஎக்ஸ்-ன்னா உள்ளடங்கிய பெரியது, எல்பி-ன்னா இரு-புள்ளி. டிசைன் பக்கம் பேச முடிஞ்சா அதை எழுதச் சொல்லுங்க. ரிப்போர்ட் மேசையில நடக்கிற சண்டை பாதி குறையும்.

அப்போ லீஸ்ட் ஸ்கொயர் எதுக்கு? பந்து மையம் துளை அச்சிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்குன்னு பார்க்க, மெஷின் ஆஃப்செட் திருத்த, வாரா வாரம் அளவு எந்தப் பக்கம் நகருதுன்னு பார்க்க. எல்லாப் புள்ளியும் சேர்ந்து முடிவு பண்றதால நிதானமா இருக்கும். இந்த 185 புள்ளியில் ஒண்ணு மேல 5 மைக்ரான் தூசி இருந்தாலும் லீஸ்ட் ஸ்கொயர் ஆரம் 0.03 மைக்ரான்கூட அசையாது. சர்க்கம்ஸ்கிரைப்ட் உங்க பந்தில் மூணு மேட்டு உச்சியை மட்டும் வச்சு நிக்குது. அதுல ஒண்ணு மேல அதே தூசி உட்கார்ந்தா விட்டம் 3 மைக்ரானுக்கு மேல ஏறிடும். அதனால ஜிஎன் போடும்போது பந்தையும் ப்ரோப் முனையில் இருக்கிற ரூபிக் குண்டையும் துடைச்சு, எந்தப் புள்ளிகள் அந்தக் கோளத்தைத் தாங்குதுன்னு சாஃப்ட்வேர்ல பாருங்க. தாங்குற புள்ளிக்குப் பக்கத்துப் புள்ளிகளும் உயரமா இருந்தா மேடு, அது மட்டும் தனியா துருத்திக்கிட்டு நின்னா தூசி. அவுட்லயர் ஃபில்டரைக் கண்ணை மூடிப் போட்டுடாதீங்க, சில நேரம் அது மேட்டின் உச்சியையே வெட்டிடும்.

மினிமம் ஸோன் வடிவப் பிழைக்கு. லீஸ்ட் ஸ்கொயர் தர்ற வடிவப் பிழை எப்பவும் மினிமம் ஸோனுக்குச் சமமாவோ கூடவோதான் இருக்கும். லீஸ்ட் ஸ்கொயர்ல பாஸ்னா தொடவே வேண்டாம். எல்லையைத் தாண்டி நூலிழையில் நின்னா மட்டும் மினிமம் ஸோன் போட்டுப் பாருங்க.

இனி கப். இதுதான் எனக்கு மனசுக்கு நெருக்கமான விஷயம், ஏன்னா இங்கே ஃபிட்டை மாத்தி மாத்தித்தான் எல்லாரும் நேரத்தைத் தொலைக்கிறாங்க.

ஆரத்தைத்தான் விட்டம்னு காட்டுதோன்னு கேட்டீங்க. இல்ல, தற்செயலா அப்படித் தெரியுது. சர்க்கம்ஸ்கிரைப்ட் என்பது எல்லாப் புள்ளியையும் உள்ளே அடக்குற மிகச் சிறிய கோளம். முழுப் பந்துக்கு அது பரப்போட ஒட்டி நிக்கும். ஆனா 30 டிகிரி கப்பை அடக்க 30 மில்லி கோளம் எதுக்கு? கப்போட வாய் விளிம்பைத் தன் நடுக்கோடா வச்சுக்கிட்டா அதைவிடச் சின்னக் கோளமே போதும். விளிம்பின் ஆரம் 15 பெருக்கல் சைன் 30, அதாவது 7.5. விட்டம் 15. கப்போட ஆழம் 2 மில்லிதான், அதுவும் உள்ளே அடங்கிடும். கணக்கு சரியா பண்ணியிருக்கு, கேட்ட கேள்விதான் கப்புக்குப் பொருந்தலை. இன்ஸ்கிரைப்ட் ஏன் நிக்குதுன்னா, அரைக்கோளத்துக்கும் குறைவான குழிக்குள்ள "அடங்கிய மிகப் பெரிய கோளம்"னு ஒண்ணு இல்லவே இல்ல. கோளம் வாய்ப்பக்கம் எழும்ப எழும்ப, விளிம்பு மேல உட்கார்ந்தபடி வளர்ந்துக்கிட்டே போகலாம். கரை இல்லாத கணக்கு.

லீஸ்ட் ஸ்கொயருக்கு விடை உண்டு, ஆனா தளர்வா இருக்கும். அடியில் ஒரு சின்னப் பிழை வந்தா, ஆரத்தில் அது எத்தனை மடங்காகும்னு ஒரு எளிய கணக்கு இருக்கு: கோணத்தின் கொசைனை, ஒன்றிலிருந்து அந்தக் கொசைனைக் கழிச்சதால வகுங்க. 30 டிகிரிக்கு 6.5 மடங்கு. உங்க 3 மைக்ரானை அதால பெருக்கினா 19 மைக்ரான். நீங்க பார்த்த ஆட்டம் அதேதான் பாருங்க. 45 டிகிரின்னா 2.4 மடங்கு, 20 டிகிரின்னா 15 மடங்குக்கும் மேல. மையம் இதைவிடக் கூட ஓடும், 30 டிகிரிக்கு 7.5 மடங்கு. ஆரம் கூடினா மையம் தூரப் போகும், குறைஞ்சா கிட்ட வரும், ரெண்டும் கையைப் பிடிச்சுக்கிட்டே நகரும். புள்ளி எண்ணிக்கையைக் கூட்டினா ப்ரோபின் சிதறல் குறையும், ஆனா கப்பின் நிஜமான வடிவப் பிழை குறையாது.

செய்ய வேண்டியது ஆரத்தை 15-ன்னு பூட்டி வைக்கிறது. பெரும்பாலான சாஃப்ட்வேர்ல ஃபிட் மெனுவிலேயே ஆரத்தை நிலையா வைக்கிற வசதி இருக்கும். மையத்தை மட்டும் தேட விடுங்க. அப்போ மையத்தின் ஆட்டம் வடிவப் பிழை அளவுக்கு இறங்கிடும். 15 ஆரத்திலிருந்து பரப்பு எங்கெங்கே எவ்வளவு விலகுதுன்னு வரைபடமா எடுங்க. விலகல் அடியிலிருந்து விளிம்பு வரைக்கும் சீரா ஏறியோ இறங்கியோ போனா ஆரம் நிஜமாவே தப்பு. மேலும் கீழுமா கலைஞ்சு இருந்தா ஆரம் சரி, பரப்புதான் முரடு. 30 டிகிரி கப்புக்கு ஆர டாலரன்ஸ் கொடுக்கிறதே பொருத்தமில்லை. 15-ஐச் சட்டத்துக்குள்ள போட்டு (தனி டாலரன்ஸ் இல்லாத சரியான அளவா), பரப்பு ப்ரொஃபைல் டாலரன்ஸ் (பரப்பு அந்த வடிவத்திலிருந்து எவ்வளவு விலகலாம்) கொடுக்கிறதுதான் அளக்கவும் முடியும், வேலைக்கும் உதவும். சட்டத்துக்குள்ள போட்ட அளவுன்னா ஆரத்தைப் பூட்டுறதுக்கு உங்களுக்கு அனுமதியும் கிடைச்ச மாதிரி.

கைப்பட ஒரு உறுதி வேணும்னா, அளவு தெரிஞ்ச 30 மில்லி பேரிங் பந்தில் ப்ளூ (தொடுற இடத்தைக் காட்டுற நீல மை) தடவிக் கப்பில் வச்சுத் திருப்பிப் பாருங்க. நடுவுல மட்டும் ஒட்டினா கப் ஆரம் பெரிசு, விளிம்புல மட்டும் ஒட்டினா சிறிசு.

---

மேசைக்கல் பதில்:

25 புள்ளி விஷயம் இப்போ தெளிவாச்சு, நன்றி. ஒரு சந்தேகம்: நான் புள்ளிகளை எடுத்துப்போய் எக்செல்ல லீனியர் சமன்பாடா மாத்தி ஃபிட் போடுறேன். அது லீஸ்ட் ஸ்கொயர்தானே?

---

ரூபிமுனை பதில்:

பெயர் ஒண்ணுதான், குறைக்கிறது வேற. நீங்க குறைக்கிறது தூரத்தின் வர்க்க வித்தியாசத்தை. சிஎம்எம் குறைக்கிறது பரப்பிலிருந்து உள்ள தூரத்தை. இந்தப் பந்து மாதிரி மைக்ரான் கணக்கில் பிழை இருக்கிற இடத்தில் ரெண்டும் ஒண்ணாத்தான் வரும். புள்ளிச் சிதறல் அதிகமா இருக்கிற லேசர் ஸ்கேன்ல, அதுவும் சின்னக் கப்புல, லீனியர் முறை ஆரத்தைச் சிறிசாக்கிடும். ஒண்ணு மட்டும் செய்யுங்க: புள்ளிகளின் சராசரியை முதல்ல கழிச்சுட்டுக் கணக்கைத் தொடங்குங்க. மெஷின் ஆயத்தில் 700, 800-ன்னு இருக்கிற எண்களை அப்படியே வர்க்கம் பண்ணினா கடைசி இலக்கங்கள் கரைஞ்சு போயிடும். சிஎம்எம் சாஃப்ட்வேரோட லீஸ்ட் ஸ்கொயரைச் சோதிக்கத்தான் ஐஎஸ்ஓ 10360-6 இருக்கு. உங்க மெஷின்காரங்க கிட்ட அந்தச் சான்றிதழைக் கேட்டு வாங்கி வச்சுக்கலாம்.

---

பந்துவால்வு பதில்:

டிராயிங்கைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன், ஐஎஸ்ஓதான். விட்டத்துக்குப் பக்கத்துல எதுவும் இல்ல. டிசைன் பக்கம் ரெண்டு எண்ணையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக் காட்டினேன்: இரு-புள்ளி 29.990, ஜிஎன் 29.998. அடுத்த திருத்தத்தில் "ஈ" சேர்க்க ஒத்துக்கிட்டாங்க. கப்புக்கும் ப்ரொஃபைல் டாலரன்ஸ் மாத்தித் தர்றதா சொல்லியிருக்காங்க.

மெஷின் பக்கம் கடைசி வெட்டுக்கு மட்டும் துளைக்குள்ள ஜா இல்லாம, ரெண்டு முகத்தையும் அச்சு வழியா இறுக்கிப் பிடிச்சுக் கடைஞ்சாங்க. முதல் பந்து 37 புள்ளி அஞ்சு வரிசையில் ஜிஎன் 29.992, லீஸ்ட் ஸ்கொயர் 29.990. ரிங் ரெண்டு திசையிலும் இறங்குது.

டெர்னர் அண்ணா, முகத்தில் இறுக்கிப் பிடிக்கிறப்போ விளிம்புப் பக்கம் ஏதாவது நடக்குமா? 35 டிகிரி வரிசையில் ரெண்டு மேடு, ரெண்டு பள்ளம்னு லேசா தெரியுது, ஒரு மைக்ரான்தான்.

---

டெர்னர் பதில்:

ரெண்டு முகமும் ஒண்ணுக்கொண்ணு இணையா இல்லைன்னா இறுக்கும்போது பந்து வளைஞ்சு பிடிபடும், அதுதான் ரெண்டு லோபா வருது. முகத்தை முதல்ல ஃபேஸ் பண்ணி இணையா கொண்டு வாங்க. இது இரட்டைப்படை லோப், அதனால மைக்ரோமீட்டர்லயே தெரியும். 35 டிகிரி வரிசையில் பிடிச்சுச் சுத்திப் பாருங்க.